வீட்டுக் குழு: சின்னவன்ர ரிப்போட்

அக்கா: ரிப்போட் வந்திட்டுது. படம் போட்டிருக்கிறன். தலசீமியாவாம். எனக்கு ஒண்டும் விளங்கேல்ல

பெரியம்மா: ஐயோ என்ர பிள்ளை. பிறக்கேக்க கொழுகொழுவெண்டு இருந்தவன்

பெரியம்மா: நீ வயித்தில வச்சிருக்கேக்க ஒழுங்காச் சாப்பிடேல்ல. அப்பவே சொன்னனான்

அக்கா: இவற்ற அம்மாவும் அதைத்தான் சொல்லுறா. காலமை தொடக்கம் அழுதுகொண்டிருக்கிறன்

நான்: பெரியம்மா, அக்காவைப் பேசாதேங்கோ. இது சாப்பாட்டால வந்ததில்ல. லாப்பில வேலையா நிக்கிறன், மத்தியானம் எழுதுறன்

நான்: இப்ப சொல்லுறன். தலசீமியா பரம்பரையா வாற இரத்த வருத்தம். சிவப்பணுவுக்குள்ள ஒட்சிசன் காவுற புரதம் ஹீமோகுளோபின், அது ஒரு துண்டில்ல. அல்பா 2, பீற்றா 2, நாலும் ஒண்டையொண்டு பிடிச்சு நிண்டாத்தான் ஒட்சிசன் காவும். மாமா, உங்களிட்ட உழவு மாடு நிண்டதெல்லே. நுகத்தில ஒரு பக்கம் வெறுமையெண்டா மற்றது என்ன செய்யும்?

மாமா: உழாது மருமகள். வரம்பை உழக்கிப்போட்டுப் பயிருக்குள்ள இறங்கும்

நான்: அதேதான். பீற்றா செய்யிற பரம்பரையலகில விகாரம், அதாவது எழுத்துப்பிழை. அல்பா வழமை மாதிரி வருது, சோடிக்கு ஆளில்ல. தனிய நிக்கிற அல்பா திரண்டு, சிவப்பணுவின்ர தோலில படிஞ்சு அதைப் பழுதாக்குது. கனக்க அணு, அது உருவாகிற எலும்பு மச்சைக்குள்ளயே செத்துப்போகும். தப்பி வாறதும் 120 நாள் இருக்காது, மண்ணீரலில மாட்டி அழியும். அவன்ர வயிறு ஊதினது பூச்சியால இல்லயக்கா, மண்ணீரல் வீங்கினது

தம்பி: அப்ப பிறக்கேக்க நல்லாத்தானே இருந்தவன்?

நான்: வயித்துக்க இருக்கேக்க அல்பாவுக்குச் சோடி காமா எண்டு வேற ஒண்டு. பிறந்து 6 மாசமளவில காமா குறைய, பீற்றா பொறுப்பெடுக்கோணும். இவனுக்கு அந்த நேரம் தான் முகம் வெளுக்கத் தொடங்கினது, நினைச்சுப் பாருங்கோ

மாமா: அரிவாள் மாதிரி அணு வளையிற நோயும் இதுதானோ?

நான்: அது இதுக்குச் சொந்தம், ஆனா வேற. அதில பீற்றா வரும். அது 146 அமினோ அமிலம் மணி மாதிரிக் கோத்த மாலை, அதில 6 ஆவது மட்டும் மாறி வரும், குளூட்டமிக் அமிலத்துக்குப் பதிலா வலின். 1957 ல வேர்ணன் இங்கிரம் எண்ட விஞ்ஞானி கண்டுபிடிச்சவர். அந்த ஒரு மாத்தத்தால, ஒட்சிசனை விட்டவுடன ஹீமோகுளோபின் ஒண்டோடொண்டு ஒட்டிக் கம்பி மாதிரி நீளும். ஒட்டக்கூடாதது ஒட்டுறதால வாற வருத்தம் அது

பெரியம்மா: எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் இல்லையே பிள்ளை

நான்: வருத்தம் இல்ல பெரியம்மா, காவி இருக்கு. காவியெண்டா தனக்கு வருத்தமில்லாம அந்தப் பிழையை மட்டும் காவுற ஆள். அக்காவும் அத்தானும் காவி. ரெண்டு பேரிட்டயும் இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில ஒரு பங்கு வரப் பாக்கும்

நான்: நானும் காவி தான்

நான்: படிக்கேக்க எங்கட இரத்தத்தை வச்சுத்தான் பழகினனாங்கள். அப்ப பிடிபட்டது. கலியாணப் பேச்சுக் குழம்புமெண்டு வீட்டில சொல்லேல்ல. சொல்லியிருந்தா அக்கா அப்பவே சோதிச்சிருப்பா. அக்கா, என்னை மன்னிச்சுக்கொள்

அக்கா: நீ அழாத. எனக்கும் களைப்பெண்டு காட்டப் போக இரும்புக் குளிசை தானே தந்தவை. நாலு மாசம் போட்டனான்

நான்: காவிக்கும் அணு சின்னனாத் தெரியும், இரும்புக் குறைவுக்கும் அப்பிடித்தான். சாதாரண இரத்தச் சோதனையில ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். சின்னவனுக்கு இனி டொக்டரைக் கேக்காம இரும்புச் சிறப் குடுக்காதை. இரத்தம் ஏத்தேக்க ஒவ்வொரு பையோடயும் 200 மில்லிகிராமளவு இரும்பு உள்ள போகும். அதை வெளியேத்த உடம்பில வழியில்ல, இருதயத்திலயும் ஈரலிலயும் படியும். இரும்பை எடுக்கிற மருந்து தொடங்கினா டொக்டரைக் கேக்காம விடக்கூடாது

மாமா: வன்னியில இது கூடவோ?

நான்: குருநாகல், அனுராதபுரப் பக்கம் கூட. தேசிய தலசீமியா நிலையமும் குருநாகலில தான். மலேரியா கனகாலம் நிண்ட நாடுகளில காவிகள் கூட, ஏனெண்டா காவிக்கு மலேரியா உயிராபத்துக் குறைவு

மாமா: எங்கட கொப்பாட்டன்மார் காடு வெட்டிக் குளம் கட்டேக்க காய்ச்சலில செத்த சனம் எத்தினை

நான்: ஓம் மாமா. இலங்கையில மலேரியா இல்லையெண்டு 2016 ல தான் உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது

பெரியம்மா: அப்ப தம்பிக்குப் பேசின இடம்?

நான்: முதல் இவன் சோதிக்கட்டும். இவனும் காவியெண்டா அந்தப் பிள்ளையும் பாக்கோணும். ஒராள் மட்டும் காவியெண்டா பிள்ளையளுக்கு இந்தளவு வருத்தம் வராது, பேச்சை நிப்பாட்டத் தேவையில்ல

தம்பி: வியாழன் முதல் பஸ்ஸில வவுனியா வாறன்

மாமா: சின்னவன் என்ன குறூப்?

அக்கா: ஓ பொசிற்றிவ். மாசம் ஒருக்கா ஏத்தோணுமாம்

மாமா: நானும் அதுதான். தம்பியோட வாறன், எடுக்கட்டும்

நான்: சொந்தக்காரற்றை இவனுக்கு ஏத்தாமல் விடுறது தான் நல்லது மாமா. பின்னடிக்கு எலும்பு மச்சை மாத்துறதெண்டா அது இடைஞ்சல். ஆனா இரத்தவங்கிக்குக் குடுங்கோ, இவனை மாதிரி வேற பிள்ளையளும் காத்திருக்கினம். முதல் உங்கட ஹீமோகுளோபின் அளவைப் பாப்பினம்

பெரியம்மா: பிள்ளை அழாத. நான் தெரியாமப் பேசிப்போட்டன். நாளைக்குக் காலமை அங்க வாறன். சம்பந்தியம்மாவுக்கு உந்த மாட்டுக் கதையை நான் சொல்லுறன்