புதுப்பிப்பு: பயாஸ் அப்டேட் முடிந்தது

பயாஸை (கணினியைத் தொடக்கிவைக்கும், மதர்போர்டிலுள்ள மென்பொருள்) அப்டேட் செய்ய, பென் டிரைவைச் செருகி கணினியின் பின்பக்க ஃபிளாஷ் பட்டனை அழுத்தினால், விளக்கு சில முறை மினுக்கிவிட்டு அசையாமல் எரிகிறது, அப்டேட் நடக்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். மதர்போர்டில் குறையில்லை, டிரைவில்தான் சிக்கல். 64 ஜிபி டிரைவ், எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டில் (கோப்புகளைச் சேமிக்கும் முறை) இருந்தது. போர்டுக்கு எஃப்ஏடி32 என்ற ஃபார்மட் வேண்டும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டியில் 32 ஜிபிக்கு மேல் அது வராது என்பதால், விண்டோஸின் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் டிரைவை எம்பிஆர் (பழைய வகைப் பகிர்வு அட்டவணை) ஆக்கி, 8 ஜிபிக்கு ஒரே எஃப்ஏடி32 பார்ட்டிஷன் (பகுதி) போட்டேன். பயாஸ் கோப்பு இருந்த ஜிப்பைப் பிரித்து, கையேட்டில் சொன்ன பெயரை எழுத்துப் பிசகாமல் கோப்புக்கு வைத்தேன். இம்முறை விளக்கு விடாமல் மினுக்கி, தானாக அணைந்தது. அதுவரை பவரைத் தொடவே கூடாது!

அப்டேட்டுக்குப் பின் எக்ஸ்எம்பி (ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் அமைப்பு), பூட் வரிசை (எந்த டிரைவிலிருந்து முதலில் தொடங்குவது என்பது) எல்லாம் இயல்புநிலைக்குப் போய்விடும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு வசதி) வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைத் திறக்கும் ரெகவரி கீயை முன்பே எடுத்து வையுங்கள்; அப்டேட்டுக்குப் பின் அதைக் கேட்கலாம்.