ட்ரிபிள் ஆப்ஷனை எதிரணி கண்டுபிடித்துவிட்டால் கோச் அடுத்து என்ன செய்வார்?

நார்த் அவென்யூ:
அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ட்ரிபிள் ஆப்ஷன் (மூன்று பேரில் யார் பந்தோடு ஓடுவது என்று ஓடும்போதே முடிவு செய்யும் முறை) ஆடிய ஜார்ஜியா டெக்கின் பழைய ஆட்டங்களைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பால் ஜான்சன் கோச்சாக இருந்த 2008 முதல் 2018 வரை. எங்கே பேச்சு எடுத்தாலும் ஒரே பல்லவிதான்: அது ஹைஸ்கூல் ஆட்டம், தயாராக ஒரு மாதம் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் நிறுத்திவிடுவார்கள், பின்தங்கினால் கதை முடிந்தது. உடனே எல்எஸ்யூவிடம் 38–3, அயோவாவிடம் 24–14 என்று அந்த இரண்டு பௌல் (சீசன் முடிந்த பிறகு ஆடும் ஆட்டம்) தோல்விகளையும் எடுத்து நீட்டுகிறார்கள். எனக்கு அந்த ஆட்டம் ரொம்பப் பிடிக்கும், ஆனால் இதற்குப் பதில் சொல்ல வரவில்லை. பந்தை எறிந்து பாஸ் ஆடும் அணி, பந்தைப் பிடிப்பவர்கள் ஓட புதுப்புது ரூட் வரையும், சரி. நாலைந்து ஓட்டங்களை மட்டுமே வைத்திருக்கும் கோச், எதிரணி டிஃபென்ஸை மாற்றினால் தன் பக்கம் எதை மாற்றுவார்? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

ஸ்லாட்பேக்:
நாலைந்து ஓட்டங்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் யாரைத் தடுப்பது, யாரைச் சும்மா விடுவது என்பதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். டிவி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுவதால் இது நம் கண்ணில் படுவதில்லை.

முதலில் அடிப்படை. பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு நேர் பின்னால் பி-பேக் என்ற ஓட்டக்காரர், இரண்டு பக்கமும் ஏ-பேக் என்ற ஓட்டக்காரர்கள். எதிரணி முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டை வேண்டுமென்றே யாரும் தடுக்க மாட்டார்கள். அவன் பி-பேக்கின் மேல் பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு வெளிப்பக்கம் ஓடுவான், பாயாமல் நின்றால் பந்து பி-பேக்கிடம் போய்விடும். வெளியே அடுத்த ஆள் ஒருவன் இருப்பான், அவன் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க வந்தால் பந்து பின்னால் ஓடிவரும் ஏ-பேக்குக்கு பிட்ச் (பக்கவாட்டில் வீச்சு). இரண்டு பேரைத் தொடாமலே ஆட்டத்திலிருந்து கழற்றியாயிற்று, தடுப்பதற்கு நம்மிடம் இரண்டு ஆள் மிச்சம்.

இதற்கு எல்லாரும் செய்கிற மாற்று, எண்டை உள்ளே பாயவிட்டு, முன்வரிசைக்குப் பின்னால் உள்ளே நிற்கும் லைன்பேக்கரை அவன் பின்னால் சுற்றி வெளியே அனுப்புவது. குவார்ட்டர்பேக் எண்டைப் படித்துச் சரியாகத்தான் பந்தை உருவுவான், ஆனால் அடுத்த அடியிலேயே லைன்பேக்கர் மேலே வந்து விழுவான். ஆட்டம் செத்துவிட்டது என்று வர்ணனையாளர் சொல்வது இந்த இடத்தில்தான். இதைப் பார்த்ததும் கோச் முன்பக்கத்து ஏ-பேக்கிடம் சொல்வார்: சேஃப்டியை (கடைசி வரிசைக் காவலர்) விடு, சுற்றி வரும் அந்த லைன்பேக்கரை அடி. அப்படியும் சரிவரவில்லையென்றால், லைன்பேக்கர் காலி செய்துவிட்டுப் போன நடு இடத்தில், எண்டை டாக்கிளை (நம் முன்வரிசையில் தடுப்பவர்) விட்டு அடைத்துவிட்டு பி-பேக்கை நேராக ஓட்டுவார். சேஃப்டிகள் ஓட்டத்தைப் பிடிக்க முன்னால் ஏறி வர ஆரம்பித்தால் பின்னால் பாஸ் பிடிக்கும் ரிசீவர் தனியாகக் கிடைப்பான். 2009-இல் டெமாரியஸ் தாமஸ் 46 கேட்ச்சில் 1,154 யார்ட் எடுத்தார், ஒரு கேட்ச்சுக்கு 25 யார்டு. அது இப்படி வந்ததுதான்.

பின்தங்கினால் முடிந்தது என்பவர்களிடம் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தோடு 2008-இல் ஆடிய ஆட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள். ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில், அவர்கள் மைதானத்தில், இடைவேளையில் 28–12 என்று பின்னால். மூன்றாவது குவார்ட்டரில் மட்டும் 26 புள்ளி. பி-பேக் ஜானதன் டுவயர் நடுவில் பிளந்துகொண்டு போனார், அவர்கள் நடுவை அடைத்தால் ஏ-பேக் ராடி ஜோன்ஸ் ஓரத்தில். 45–42, ஏழு வருடத் தொடர் தோல்விக்கு அன்றைக்கு முடிவு கட்டினார்கள். பாஸை நம்பி வந்த வெற்றி இல்லை அது, முழுக்க ஓடியே ஜெயித்தது.

ஆரஞ்சுக்காரன்:
நான் கிளெம்சன் ஆள், அதனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். ஸ்லாட்பேக் சொன்ன கணக்கு முழுக்க, தடுக்கிற ஆள் தடுப்பான் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. எங்கள் டிஃபென்சிவ் லைன் பலமாக இருந்த வருடங்களில் அது நடக்கவில்லை. டெக்கை நாங்கள் ஜெயித்தது 2016-இல் 26–7, 2017-இல் 24–10, 2018-இல் 49–21. கிறிஸ்டியன் வில்கின்ஸ், டெக்ஸ்டர் லாரன்ஸ் மாதிரி ஆட்கள் தடுக்க வந்தவனையே தூக்கிக்கொண்டு போய் குவார்ட்டர்பேக் மடியில் போட்டால், அவன் யாரைப் படிப்பான்? அயோவா ஆட்டத்தில் ஏட்ரியன் கிளேபார்ன் செய்ததும் இதே வேலைதான். அப்புறம், டெக்கில் ஜான்சனின் பௌல் கணக்கு 3–6 (வெற்றி–தோல்வி). தயாராக நேரம் கிடைத்தால் எதிரணிக்கு நல்லது என்ற வாதத்தை முழுசாகத் தள்ளிவிட முடியாது.

ஸ்லாட்பேக்:
அந்த லைனை அந்த வருடங்களில் யார் தடுத்தார்கள், சொல்லுங்கள். 2018-இல் கிளெம்சன் 15–0, இறுதியில் அலபாமாவையே 44–16 என்று அடித்தார்கள். அதை ஆப்ஷனின் குறையாக எழுதுவது நியாயமில்லை. அதே கிளெம்சன் 2014-இல் அட்லாண்டாவில் 28–6 என்று தோற்றது. ஒரு மாதம் தயாரானால் நிறுத்தலாம் என்றால், அதே சீசனின் ஆரஞ்சு பௌலில் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கும் அதே ஒரு மாதம் இருந்ததே? இடைவேளையில் 21–20, முடிவில் 49–34. இடைவேளைக்குப் பிறகு குவார்ட்டர்பேக் ஜஸ்டின் தாமஸும் பி-பேக் சின்ஜின் டேஸும் ஓடியதை ஒரு தடவை பந்தை விட்டுவிட்டு லைனை மட்டும் பாருங்கள்.

மெதுவான ட்ரைவ்:
நான் ஆர்மி (அமெரிக்க ராணுவ அகாடமி அணி) ரசிகன், எங்கள் ஆட்டமும் ஆப்ஷன்தான். இன்னொரு விஷயம் யாருமே பேசவில்லை, கடிகாரம். 2018-இல் ஓக்லஹோமாவுக்கு கைலர் மர்ரே குவார்ட்டர்பேக். அவரை எந்த டிஃபென்ஸாலும் நிறுத்த முடியாத வருடம் அது. ஆர்மி 60 நிமிடத்தில் 44 நிமிடத்துக்கு மேல் பந்தைத் தானே வைத்துக்கொண்டது. ஓவர்டைமில் 28–21 என்று தோற்றோம், ஆனாலும் பெரிய ஆட்களை ரெக்ரூட் செய்ய முடியாத அணி அவ்வளவு தூரம் போக வேறு என்ன வழி இருக்கிறது? எங்கள் லைன்மேன்கள் பட்டம் வாங்கியதும் ராணுவத்தில் சேர வேண்டியவர்கள், 320 பவுண்டுக்கு வளர்க்க முடியாது.

உண்மையில் ஆப்ஷனுக்கு அடி விழுந்தது ரூல் புத்தகத்தில். 2022-இல் டாக்கிள் பாக்ஸுக்கு (முன்வரிசையைச் சுற்றிய நடுப்பகுதி) வெளியே இடுப்புக்குக் கீழ் பிளாக் செய்வதைத் தடை செய்தார்கள். ஏ-பேக் தன்னைவிடப் பெரிய ஆளை வெளியில் கவிழ்க்க இருந்த ஒரே ஆயுதம் போய்விட்டது. 2023-இல் எங்கள் கோச் ஜெஃப் மன்கென் ஷாட்கன்னுக்கு (குவார்ட்டர்பேக் சில அடி பின்னால் நின்று பந்து வாங்கும் முறை) மாறிப் பார்த்தார், 6–6. அடுத்த வருடம் மறுபடி குவார்ட்டர்பேக்கை சென்டருக்கு (பந்தைப் பின்னால் தரும் ஆள்) ஒட்டி நிறுத்தினார், பிரைசன் டெய்லி என்ற முரட்டுக் குவார்ட்டர்பேக்கைக் கையில் வைத்துக்கொண்டு. 12–2, ஏஏசி என்ற லீக்கின் பட்டம், இறுதியில் டுலேனை 35–14. கோச்சிங் அட்ஜஸ்ட்மென்ட் என்று எதைக் கேட்டாலும் எனக்கு இதுதான் முதலில் வரும், ஏனென்றால் ரூலே எதிராகப் போன பிறகு செய்தது.

நார்த் அவென்யூ:
எல்லாருக்கும் நன்றி. ஜான்சன் போனதும் டெக் ஆப்ஷனைக் கைவிட்டு ஜெஃப் காலின்ஸைக் கொண்டுவந்தது, அவர் கணக்கு 10–28. ஜான்சனுடையது 82–60. காலாவதி என்று இனிமேல் யாராவது சொன்னால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறேன். ஸ்லாட்பேக், ஒரு சந்தேகம்: 2008 ஆட்டத்தில் டுவயர் நடுவில் போனபோது லைன்பேக்கர் ஏற்கெனவே வெளியே போயிருந்தானா, இல்லை கார்டு (சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் லைன்மேன்) அவனை அடைத்தாரா?

ஸ்லாட்பேக்:
ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி. ஸ்னாப் (சென்டர் பந்தைப் பின்னால் தருவது) ஆனதும் படத்தை நிறுத்தி லைன்பேக்கரின் முதல் அடி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், வெளிப்பக்கம் போனால் கார்டுக்கு அவன்மேல் வேலையே இல்லை, நேராக அடுத்த ஆளிடம் போய்விடுவார்.