படத்தில் ஒன்று, பார்சலில் ஒன்று: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கோ

கச்சான்தோட்டம்:
முகநூலில் விளம்பரம் பார்த்துச் சாமான் எடுத்தவர்கள் கொஞ்சம் எழுதுங்கோ. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டு இஞ்சி தண்ணீர் மெசின், பெற்றோலில் ஓடுவது. விளம்பரத்தில் கொட்டைச் சிவப்பு எழுத்தில் '80 அடி ஆழத்திலிருந்து இழுக்கும்' என்று போட்டிருந்தது. எங்கள் கிணற்றில் பங்குனி தாண்டினால் தண்ணீர் 35 அடிக்குக் கீழே இறங்கிவிடும். 80 என்றால் தாராளம்தானே? விற்றவனிடம் போனிலும் கேட்டேன். "பயப்படாமல் எடுங்கோ அண்ணை, 80 அடிக்கு நான் பொறுப்பு" என்றான்.

பார்சல் கிளிநொச்சி வரைதான் வந்தது. போய் எடுத்துவந்து கிணற்றுக் கட்டில் வைத்துப் பூட்டினோம். ஹோஸின் அடியில் தண்ணீரைத் திரும்ப விடாமல் பிடிக்கிற புட் வால்வு புதிது, ஹோஸ் நிறையத் தண்ணீர் விட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணினது. மெசின் ஊருக்கே கேட்கும்படி கத்துகிறது, டெலிவரி ஹோஸ் சப்பையாக மண்ணில் கிடக்கிறது. அப்பா காலால் தட்டித் தட்டிப் பார்க்கிறார். ஒரு தரம் காற்று ஓடி உப்பியது. ஓடிப்போய் வாய்ப்பக்கம் கையை வைத்தேன், வந்தது சூடான காற்று மட்டும். கச்சான் பூக்கிற நேரம் அது.

பிறகு மெசினில் ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்துப் பார்த்தால், மொத்த ஹெட் 25 மீற்றர், சக்ஷன், கீழேயிருந்து இழுக்கிறது, 7 மீற்றர். அதாவது 23 அடி. திரும்பப் போன் அடித்தேன். "நாங்கள் போட்டது மொத்தக் கணக்கு அண்ணை" என்றான், அதோடு என்னை பிளொக் பண்ணிவிட்டான். விளம்பரம் இன்னும் ஓடுகிறது, அதே 80 அடியோடு.

ஊசிநூல்:
எனக்குத் தையல் மெசின். வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுக்கிறேன், பள்ளிக்கூடச் சட்டைகள், சாறிப் பிளவுஸ், இப்படி. பெரிய மெசின் ஒன்று, பாவித்தது, 'சேர்வோ மோட்டருடன்' என்று போட்டிருந்தார்கள். படத்திலும் மேசைக்குக் கீழே சின்ன மோட்டர், வேகம் கூட்டிக் குறைக்கிற பெட்டி, எல்லாம் வடிவாகத் தெரிந்தது. அதை நம்பித்தான் எடுத்தேன், ஏனென்றால் சேர்வோ காலால் மிதித்தால் மட்டும்தான் சுற்றும், கரண்ட் மிச்சம்.

வந்து இறங்கியதைப் பார்த்தால் கீழே தொங்குவது பழைய உருண்டைக் கிளட்ச் மோட்டர். சுவிட்ச் போட்டேன், மேசையில் வைத்த கத்தரிக்கோல் தானாக நகர்ந்து விளிம்புக்குப் போகிறது. பின் அறையில் படுத்திருந்த பிள்ளை எழும்பி அழுதது. நான் துணியே வைக்கவில்லை, மிதிக்கவும் இல்லை, அது தன்பாட்டில் உறுமிக்கொண்டு நிற்கிறது.

கேட்டால் ஒரே பதில்: "படம் மாதிரிக்கு மட்டும்தான் தங்கச்சி." அப்படியென்றால் எழுத்து? எழுத்தும் மாதிரிக்கா?

ஏ9_பழசு:
முதலாவது அண்ணைக்கு. விற்றவன் சொன்னது முழுப் பொய் இல்லை. மொத்த ஹெட் என்பது இழுப்பதும் தள்ளுவதும் சேர்ந்த கணக்கு. மேலே நின்று உறிஞ்சுகிற எந்த மெசினும் 80 அடியிலிருந்து இழுக்காது, ஜப்பானில் செய்தாலும் இழுக்காது. தண்ணீரை ஏற்றுவது மெசின் இல்லை, வெளியில் இருக்கிற காற்றின் அழுத்தம். கணக்குக்கு 10.3 மீற்றர்தான் எல்லை, நடைமுறையில் 7, மிஞ்சினால் 8. ஹோஸில் சின்ன ஓட்டை இருந்தால் அதுவும் வராது. வாங்க முன்னம் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கவேண்டும். இரண்டு எண் இருக்கும், சின்ன எண்தான் உங்கள் கிணற்றுக்கு. பெரியது தண்ணீரை மேட்டுக்குத் தள்ள. தண்ணீர் மட்டத்தை ஐப்பசியில் அளந்து பிரயோசனம் இல்லை, கோடை முடிகிற நேரத்தில் கயிறு விட்டு அளக்கவேண்டும். ஹோஸ் நீளமும் வளைவும் கூடினால் இன்னும் குறையும். உங்களுக்கு இப்ப ஒரே வழி, கிணற்றுக்குள் பத்துப் பதினைந்து அடி கீழே தட்டுப் போட்டு மெசினை இறக்குவது.

என் கதை சின்னது. பவர் பாங்க் எடுத்தேன், பற்றரி 9900 mAh என்று போட்டிருந்தது, ஒரு போனை முழுதாக ஏற்றமுன் செத்தது.

வட்டக்கச்சி:
ஏ9 அண்ணை, மெசினை இறக்கச் சொன்னதைத் தயவுசெய்து அழியுங்கோ. பெற்றோல் மெசினைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. புகையில் இருக்கிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, கிணற்றுக்குள் அது போக இடமும் இல்லை. ஸ்டார்ட் பண்ண இறங்கினவர் மயங்கி விழுவார், தூக்க இறங்கினவரும் விழுவார். 35 அடிக்கு வேண்டியது தண்ணீருக்குள் அமிழ்கிற மின்சாரப் பம்ப். கரண்ட் லைன் இல்லாத தோட்டம் என்றால் சோலார். காசு கூடத்தான், ஆனால் மெசினை இறக்குகிற கதை வேண்டாம்.

ஏ9_பழசு:
எங்கள் பக்கம் முந்தி எல்லாரும் இறக்கித்தான் இறைத்தார்கள். சரி, அது அந்தக் காலம். நீங்கள் சொல்வது சரி, இறக்கவேண்டாம். ஆனால் தகடு பார்க்காமல் வாங்கியது விற்றவன் பிழை இல்லை.

கச்சான்தோட்டம்:
தகடு பார்சலுக்குள் இருந்தது அண்ணை. விளம்பரத்தில் இருந்தது 80 அடி 'ஆழம்'. ஆழம் என்று எழுதிவிட்டு மேட்டுக்குத் தள்ளுகிற கணக்கைச் சொன்னால் அதற்குப் பெயர் என்ன? கொரியர் பெடியன் காசு வாங்காமல் பெட்டியைத் தொடவும் விடவில்லை.

பாலைமரத்தடி:
நான் விற்கிற ஆள். ஒட்டுசுட்டானில் இருந்து தேன், பாலைப்பழம் வரும் காலத்தில் பழமும். எல்லாரும் விற்கிறவனைத் திட்டுகிறீர்கள், அதனால் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

போன வருடம் கொழும்பிலிருந்து ஒரு அம்மா போன் எடுத்து நல்லாக ஏசினார். 'வன்னிக் காட்டுத்தேன்' என்று சீனிப்பாகு அனுப்பிவிட்டேனாம். நான் அவருக்கு எதுவும் விற்கவில்லை. விளம்பரத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தால் அது என்னுடைய படம். தேன்வதை பிழிகிற கை என் அப்பாவின் கை, சுட்டுவிரலில் நுனி இல்லை, மரம் அரியும்போது போனது. அந்தக் கையை வைத்து யாரோ எங்கேயோ பாகு காய்ச்சி விற்கிறான். அப்பாவுக்குக் காட்டவில்லை.

இப்ப படம் போட்டால் நடுவிலேயே பெயரைக் குறுக்கே எழுதிப் போடுகிறேன். வாங்குகிறவர்களுக்கு ஒன்று: நெருப்புக்குச்சியைத் தேனில் தோய்த்துக் கொளுத்துவது, தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பது, இதெல்லாம் சோதனையே இல்லை. பாகும் அதில் தேறிவிடும். தேன் உறைந்தால் கள்ளத்தேன் என்று திருப்பி அனுப்புகிறார்கள், நல்ல தேனும் உறையும். கேட்கவேண்டியது எந்த ஊர், எந்த மாதம் எடுத்தது, இன்னொரு படம் இப்பவே எடுத்து அனுப்ப முடியுமா என்று. கள்ளனிடம் இரண்டாவது படம் இருக்காது.

நெடுங்கேணி_ஊரான்:
சாமானை விடுங்கோ, காணியே இப்படித்தான் போடுகிறார்கள். 'உறுதிக் காணி, 2 ஏக்கர், கிணறு, தென்னை' என்று இருந்தது. வெளிநாட்டில் இருக்கிற மச்சானுக்காகப் பார்க்கப் போனேன். கிணறு இருந்தது, தென்னை இருந்தது. விற்கிறவரிடம் பத்திரத்தைக் கேட்டால் நாலாக மடித்த ஒரு தாளை மடியிலிருந்து எடுத்தார், பார்த்தால் 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்குக் கொடுத்த அனுமதிப்பத்திரம். தனக்குப் பிறகு காணி பிள்ளைக்கு என்று அதில் பெயர் குறிக்கலாம், என் மச்சானுக்கு விற்க முடியாது. "இஞ்ச எல்லாரும் இப்படித்தான் விற்கினம், கையெழுத்து வைத்துத் தாறன்" என்றார். பிரதேச செயலகக் காணிக் கிளையில் கேட்காமல் முற்பணம் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

ஏ9_பழசு:
காணிக்கு வேறு இடத்தில் எழுதுங்கோ தம்பி, இது சாமான் கதை.

நெடுங்கேணி_ஊரான்:
படத்தில் ஒன்று, பார்சலில் ஒன்று என்றுதானே தலைப்பு. உங்கள் பவர் பாங்கைவிட இது பெரிய சாமான்.

வட்டக்கச்சி:
பவர் பாங்க் என்றதும் ஞாபகம். உள்ளே இருக்கிற உருண்டைப் பற்றரி 18650 என்றால் ஒன்றின் உண்மைக் கொள்ளளவு பெரும்பாலும் 3500 mAh அளவில்தான் முடியும். ஒற்றைப் பற்றரிக்கு 9900 என்று போட்டிருந்தால் மேலே படிக்கவே தேவையில்லை. மலிவாக விற்கிற 2 டெராபைட் பென் டிரைவும் அப்படித்தான், கணினியில் 2 என்று காட்டும், நிரப்பினால் பழைய கோப்பெல்லாம் கெட்டுப்போகும்.

முறையிட விரும்புகிறவர்களுக்கு: நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். விளம்பரத்தை இப்பவே ஸ்கிரீன்ஷொட் எடுங்கோ, பிளொக் பண்ணின பிறகு ஒன்றும் தெரியாது. கொரியர் சிட்டையில் அனுப்பியவர் பெயர் இருக்கும், அதை எறியவேண்டாம். ஆனால் பிடிப்பது வியாபாரியைத்தான். வீட்டில் கிடந்த ஒரு சாமானை ஒரு தரம் விற்ற ஆளிடம் இந்தச் சட்டம் போகுமா என்பது வேறு கதை. ஊசிநூல் தங்கச்சி, உங்களுக்கு விற்றவர் கடைக்காரரா, தனியாளா?

ஊசிநூல்:
கடை அண்ணை. பாவித்த மெசின்களைக் கொண்டுவந்து விற்கிறவர்கள். எழுதிக் கொடுத்தேன், விளம்பரப் படமும் சேர்த்து. கூப்பிட்டு விசாரித்தார்கள். மெசினைத் திருப்பி எடுக்கச் சம்மதம், ஆனால் ஏற்றி அனுப்புகிற செலவு என்னுடையது என்று கடைக்காரர் நின்றார். அவ்வளவு பாரத்தை நான் எங்கே ஏற்ற? கடைசியில் கொஞ்சக் காசு திருப்பித் தந்தார், வவுனியாவில் சேர்வோ ஒன்று வாங்கிப் பூட்டிவிட்டேன். இப்ப பிள்ளை நித்திரை, நான் தைக்கிறேன்.

பழைய கிளட்ச் மோட்டர் இங்கே சும்மா கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கோ. நல்லாக ஓடும், பயங்கரச் சத்தம், கரண்ட் இழுக்கும், பெல்ட் தேய்ந்துவிட்டது, ஒரு பக்கம் கறள். படம் அதே மோட்டரின் படம்.

கச்சான்தோட்டம்:
என்ன விலை தங்கச்சி?