74 வயதில் மீண்டும் சதுரங்கம்: அப்பச்சியின் ஞாபகத்துக்கு உதவுமா?

கேள்வி: பள்ளத்தூர் மகன்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, 74 வயதாகிறது. பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டில்தான் இருக்கிறார். ஆத்தா (அம்மா) காலமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. நான் சென்னையில் வேலை பார்ப்பதால் மாதம் ஒரு முறைதான் ஊருக்கு வர முடிகிறது. சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் ஆள் இருக்கிறது, பக்கத்து வீடுகளில் பங்காளிகள் இருக்கிறார்கள், ஆகவே சாப்பாட்டுக்கோ பாதுகாப்புக்கோ குறைவில்லை. ஆனால் வங்கிக் கணக்கையும் வட்டிக் கணக்கையும் மனத்திலேயே போட்டு வந்த மனிதர், இப்போது காலை நாளிதழின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார். தொலைபேசியில் பேசும்போது, பேரனுக்குத் தேர்வு எப்போது என்று ஒரே பேச்சில் இரண்டு முறை கேட்கிறார்.

சென்ற பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது மேல்மாடிப் பெட்டகத்திலிருந்து ஒரு சதுரங்கப் பலகை கிடைத்தது. என் ஐயா, அதாவது தாத்தா, ரங்கூனிலிருந்து கொண்டு வந்த பர்மாத் தேக்குப் பலகை அது. அப்பச்சி அதை வாங்கிக்கொண்டு உள்முற்றமான வளவின் வெளிச்சத்தில் உட்கார்ந்து, வேட்டி முனையால் ஒவ்வொரு காயாகத் துடைத்து எண்ணினார். 32 காய்களில் ஒரு கறுப்புச் சிப்பாயைக் காணவில்லை. எழுந்து போய் அடுப்படியிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து வந்து அந்தக் கட்டத்தில் வைத்துவிட்டு, எல்லாக் காய்களையும் தயங்காமல் அவற்றின் இடத்தில் அடுக்கினார்.

என் மகனுக்கு 11 வயது, பள்ளியில் சதுரங்கம் ஆடுகிறான். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பையன் முதல் நகர்விலேயே சிப்பாயை இரண்டு கட்டம் தள்ள, அப்பச்சி அவன் கையைப் பிடித்து நிறுத்தி, சிப்பாய் ஒரு கட்டம்தான் நடக்கும் என்றார். அதோடு, ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம் என்றும், கடைசி வரிசைக்குப் போன சிப்பாய் அது போய்ச் சேர்ந்த கட்டத்துக்கு உரிய காயாகத்தான் மாறும் என்றும் சொன்னார். ராணியை அவர் மந்திரி என்கிறார். பையனுக்கோ மந்திரி என்றால் பிஷப் எனும் வேறு காய். கால் மணி நேரம் இருவரும் வாதாடினார்கள். ஆத்தா போன பிறகு அப்பச்சி அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

வயதானவர்களின் ஞாபகத்துக்குச் சதுரங்கம் உண்மையிலேயே உதவுமா? அவரைப் புது விதிகளைக் கற்கச் சொல்லலாமா, அல்லது பழைய முறையிலேயே விட்டுவிடலாமா? நாங்கள் ஊரில் இல்லாத நாட்களில் அவர் யாரோடு ஆடுவது? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: தேவகோட்டை ஓய்வாசிரியர்

தம்பி, உங்கள் அப்பச்சி சொன்னதில் தவறில்லை என்பதை முதலில் உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். அவர் ஆடுவது நம் நாட்டின் பழைய முறை. அதில் சிப்பாய்க்குத் தொடக்கத்தில் இரண்டு கட்டம் கிடையாது, ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்தும், இன்று கேஸ்லிங் என்று சொல்கிற கோட்டை கட்டும் நகர்வும் கிடையாது, அதற்கு ஈடாகத்தான் ராஜாவுக்கு அந்த ஒரு தாவல். மீர் சுல்தான் கான் என்ற சதுரங்க வீரர் இந்த நாட்டு முறையில் பழகி வளர்ந்தவர். பெரியவரான பிறகு மேல்நாட்டு விதிகளைக் கற்றுக்கொண்டு, 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். ஆகவே ஓர் ஆட்டம் அப்பச்சியின் விதிப்படி, அடுத்த ஆட்டம் பேரனின் விதிப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த ஆட்டத்தை வேறு விதியில் ஆடும்போதுதான் மூளை பழைய தடத்தைவிட்டு இறங்கி யோசிக்கிறது. பேரனுக்குக் கற்றுக்கொடுக்கிறோம் என்ற நிலையில் இருப்பவருக்குத் தானும் கற்றுக்கொள்வதில் கூச்சம் இருக்காது.

எனக்கு 71 வயது. ஓய்வு பெற்ற பிறகுதான் ஒழுங்காக ஆடத் தொடங்கினேன். தெருவில் இன்னொரு நண்பரும் நானும் மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறோம். மழையானாலும் வெயிலானாலும் அவர் வருவார் என்பதால், நான் மூன்று மணிக்கே முகம் கழுவி, சட்டை மாற்றி, நேற்றைய ஆட்டத்தில் எங்கே பிசகினேன் என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறேன். ஆட்டம் ஒரு மணி நேரம்தான், ஆனால் அதை எதிர்பார்த்திருக்கும் நேரம் அதைவிடப் பெரிது. உங்கள் அப்பச்சிக்குப் பலகை கிடைத்துவிட்டது. ஐந்து மணிக்கு வரும் ஆளைத்தான் நீங்கள் தேட வேண்டும். பங்காளிகளில் ஒருவர், தபால் நிலையத்தில் ஓய்வு பெற்றவர், கோயிலுக்கு வருபவர், யாராக இருந்தாலும் போதும். நன்றாக ஆடத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. காரைக்குடிப் பிள்ளை எம். பிரணேஷ் 2023இல் இந்தியாவின் 79ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனவர். அந்தப் பெருமை இருக்கும் நம் பக்கத்தில் பெரியவரோடு பலகை முன் உட்காரச் சிறுவர்கள் கிடைக்காமல் போக மாட்டார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். அவர் மகிழ வேண்டும் என்று வேண்டுமென்றே தோற்காதீர்கள். கணக்குப் பார்த்தவர் அதை இரண்டாவது நாளே கண்டுபிடித்துவிடுவார், பிறகு பலகையைத் தொட மாட்டார். இன்னொன்று, காய்கள் பெரிதாக இருக்கட்டும். போட்டிகளில் வைக்கும் ராஜா ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். அந்த அளவுக் காய்களைக் கை நடுங்குபவரும் பக்கத்துக் காயைச் சாய்க்காமல் தூக்கலாம், கண்ணாடி போட்டவருக்கும் குதிரையும் சிப்பாயும் குழம்பாது. பர்மாப் பலகையை விழா நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ரஷ்யச் சதுரங்க வீரர் வாசிலி ஸ்மிஸ்லோவ் 1984இல் 63 வயதில் உலகச் சாம்பியனுக்கு எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் இறுதிச் சுற்று வரை வந்து காஸ்பரோவிடம் தோற்றார். விக்டர் கோர்ச்நாய் 2011இல் 80 வயதில் சுவிட்சர்லாந்தின் தேசிய சாம்பியன் ஆனார்.

பதில் 2: காரைக்குடி மருத்துவர்

மேலே எழுதியவரின் கருத்துகளை மதிக்கிறேன். ஆனால் கேள்வியில் உள்ள ஒரு வரியை நாம் அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. ஒரே பேச்சில் இரண்டு முறை அதையே கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குச் சதுரங்கத்தை மருந்தாக நினைத்து ஆறு மாதம் காத்திருக்காதீர்கள், முதலில் பரிசோதனை செய்யுங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியவை மறதியை உண்டாக்கும், இரண்டையும் சாதாரண இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சரி செய்யலாம். தூக்க மாத்திரைகளும் சில ஒவ்வாமை மாத்திரைகளும்கூட மந்தத்தைத் தரும். ஆகவே அவர் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டு போங்கள். மனைவியை இழந்தவரின் மனச்சோர்வு, முதியவர்களிடம் அழுகையாக வெளிப்படாமல் மறதியாகவும் அக்கறையின்மையாகவும் தெரிவதுண்டு. காது கேட்பதையும் பாருங்கள். பதில் சரியாகக் காதில் விழாததால் மறுபடியும் கேட்பவர்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

சதுரங்கம் உதவுமா என்பதற்கு நேர்மையான பதில் சற்று நீளமானது. நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2003இல் வெளிவந்தது. படிப்பது, பலகை விளையாட்டுகளோ சீட்டோ ஆடுவது, இசைக்கருவி வாசிப்பது, நடனமாடுவது ஆகியவற்றில் அடிக்கடி ஈடுபட்டவர்களுக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் குறைவாக வந்தது என்று அதில் தெரிந்தது. ஆனால் ஆடியதால் நோய் வராமல் இருந்ததா, நோய் உள்ளே தொடங்கிவிட்டவர்கள் தாமாகவே ஆட்டத்தை விட்டார்களா என்பதை இப்படிப்பட்ட ஆய்வு முழுமையாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வாளர்களும் அதைக் கணக்கில் எடுத்துத்தான் பேசினார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1973இல் சேஸ், சைமன் என்ற இரு அறிஞர்கள் தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு ஒரு பலகையைச் சில நொடிகள் காட்டி, காய்கள் நின்ற இடத்தை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். உண்மையான ஆட்டத்தின் நிலை என்றால் அவர்கள் வியக்கும்படி அடுக்கினார்கள். காய்களைத் தாறுமாறாக வைத்தால் அந்த மேன்மை பெரும்பாலும் மறைந்துவிட்டது. சதுரங்கத்தில் வளரும் ஞாபகம் சதுரங்கத்துக்கு உரியது. சாவியை எங்கே வைத்தோம் என்ற ஞாபகமாக அது தானே மாறிவிடாது. உங்கள் அப்பச்சி பலகையைத் தயங்காமல் அடுக்கியதைப் பார்த்து, ஞாபகம் நன்றாக இருக்கிறது என்று பரிசோதனையைத் தள்ளிப் போட வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இரத்த அழுத்தம், சர்க்கரை, நடைப்பயிற்சி, காது, கண் ஆகியவற்றைக் கவனித்தபடி ஆடினால் ஆட்டத்தால் நன்மையே தவிர இழப்பொன்றும் இல்லை.

பதில் 3: கண்டனூர் மகள், சிங்கப்பூரிலிருந்து

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நான் செய்த தவற்றை நீங்கள் செய்யக் கூடாது என்று எழுதுகிறேன். என் அப்பச்சிக்கு 77 வயது. நான் அவருக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்து, மூளைக்கு நல்லது, தினமும் ஐந்து ஆட்டம் ஆடுங்கள் என்று மாத்திரை கொடுப்பதைப் போலச் சொல்லிவிட்டு வந்தேன். திரையின் மூலையில் ஓடும் கடிகாரம் அவரைப் படபடக்க வைத்தது. யோசித்துக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்து தோற்றதாக அறிவித்தது. பத்து நாளில் அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார். தன் புத்தி குறைகிறதா என்று மகள் சோதிக்கிறாள் என்று அவர் நினைத்ததை என் தம்பி மூலமாகத்தான் பிறகு தெரிந்துகொண்டேன். அதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது வேறு வகையாக ஆடுகிறோம். அவரிடம் ஒரு பலகை, என்னிடம் ஒரு பலகை. இரவு எட்டு மணிக்கு நான் அழைப்பேன், அவர் ஒரு நகர்வு சொல்வார், நான் ஒரு நகர்வு சொல்வேன், அவ்வளவுதான். ஓர் ஆட்டம் முடிய ஒன்றரை மாதம்கூட ஆகிறது. கடிதத்தில் நகர்வு எழுதி அனுப்பி ஆடிய காலத்தின் முறைதான் இது. லிசெஸ் போன்ற இலவசத் தளங்களிலும் ஒரு நகர்வுக்கு ஒரு நாளோ பல நாட்களோ தரும் வசதி இருக்கிறது, ஆனால் குரலைக் கேட்டு ஆடுவதில் உள்ள சுகம் அதில் இல்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டால் ஒரு வார்த்தையில் முடிக்கும் அப்பச்சி, யானையை ஏன் நகர்த்தினேன் என்று கேட்டால் பத்து நிமிடம் பேசுகிறார்.

சதுரங்கம் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். எங்கள் அப்பத்தா கடைசி வரை பல்லாங்குழியில் எதிராளியின் குழியில் எத்தனை முத்து என்று பார்க்காமலே சொல்வார். ஆடுபுலி ஆட்டமும் தாயமும் நம் வீடுகளில் எப்போதும் இருந்தவைதாமே.

பள்ளத்தூர் மகன், ஐந்து வாரங்களுக்குப் பிறகு

மூவருக்கும் என் நன்றி. மருத்துவர் ஐயா சொன்னபடி பரிசோதனை செய்தோம். பி12 குறைவாக இருந்தது, ஊசி போடுகிறார்கள். இடது காதில் கேட்கும் திறன் நன்றாகக் குறைந்திருக்கிறது, கருவி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மறதியைப் பற்றி மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதாகச் சொன்னார்கள். முழுக் கவலையும் தீர்ந்துவிடவில்லை, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

ஐந்து மணிக்கு எதிர்வீட்டுச் சித்தப்பா வருகிறார். அவருக்கு ஆட்டம் தெரியாது, ஆகவே அப்பச்சி முதலில் சிப்பாய்களையும் ராஜாவையும் மட்டும் வைத்துக் கற்றுக்கொடுக்கிறார். இரவு ஒன்பது மணிக்கு என் மகனோடு தொலைபேசியில் ஒரு நகர்வு. இந்த ஆட்டம் அப்பச்சியின் விதிப்படி நடக்கிறது. நேற்று அப்பச்சி தன் ராஜாவுக்கு உரிய அந்த ஒரே தாவலை எடுத்துக்கொண்டு, யானைக்கு வழியைத் திறந்துவிட்டார். பையன் பள்ளிக்குப் போகும்வரை பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான், பதில் நகர்வு இன்னும் கிடைக்கவில்லை. புளியங்கொட்டைச் சிப்பாய் நான்காவது வரிசையில் நிற்கிறது.