நாலு கட்சி மாகாண அரசு: எந்த மனு எந்த அமைச்சருக்கு?

சாட்ஸ்வர்த்_கமிட்டி:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நட்டால் மாகாணத்தில் 2024 தேர்தலுக்குப் பிறகு நாலு கட்சி சேர்ந்து அரசு அமைத்தார்கள். சங்கத்தின் பேரில் நாலு மனு போகவேண்டியிருக்கிறது: பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது, பாட்டி ஒருவருக்கு முதியோர் பென்ஷன் நின்றுவிட்டது, பள்ளியில் தமிழ் வாத்தியார் இடம் காலி, காவடிக்குத் தெருவை அடைக்க வேண்டும். எது எந்த அமைச்சர், அவர் எந்தக் கட்சி? இன்னொன்று: நாலில் சின்னக் கட்சியான என்.எஃப்.பி.யின் (தேசிய சுதந்திரக் கட்சி) ஒரே ஓட்டுப் போனால் அரசே கவிழும் என்கிறார்களே, அப்படியென்றால் மனு போட்டு என்ன பயன்?

மாரிட்ஸ்பர்க்_கோப்பு:
2024 ஜூனில் அறிவித்த பட்டியல் இது. பிரீமியர், அதாவது மாகாண அரசின் தலைவர், தாமி ந்டுலி, ஐ.எஃப்.பி. (இன்காதா சுதந்திரக் கட்சி). அதே கட்சிக்கு இன்னும் நாலு: உள்ளாட்சியும் பாரம்பரிய விவகாரமும் துலாசிஸ்வே புதெலெசி, விவசாயம் தெம்பெனி கமட்லோபா-ம்தெத்வா, பொருளாதார வளர்ச்சி-சுற்றுலா-சுற்றுச்சூழல் மூசா ஸோண்டி, விளையாட்டு-கலை-பண்பாடு ம்ண்டோமுஹ்லே காவுலா. ஏ.என்.சி.க்கு (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) மூன்று: கல்வி சிபோ ஹ்லோமுகா, சுகாதாரம் நோமகுகு சிமெலானே, போக்குவரத்தும் வீட்டுவசதியும் சிபோனிஸோ டுமா. டி.ஏ.க்கு (ஜனநாயகக் கூட்டணி) நிதி பிரான்சுவா ராஜர்ஸ், பொதுப்பணி மார்ட்டின் மேயர். என்.எஃப்.பி.க்குச் சமூக வளர்ச்சி, ம்பாலி ஷிங்கா. பெயர்கள் மாறலாம், மனுவில் எழுதுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரீமியர் போக, அமைச்சர்களைப் பத்துக்கு மேல் போட முடியாது. அரசியல் சட்டம் 132ஆம் பிரிவு ஐந்துக்குக் குறையாமல் பத்துக்கு மிகாமல் என்கிறது. அதனால்தான் ஒரே ஆள் தலையில் போக்குவரத்தும் வீட்டுவசதியும். துறைகள் இரண்டும் தனித்தனி, துறைத்தலைவரும் தனித்தனி. வீட்டுப் பட்டா விஷயத்தைப் போக்குவரத்துத் துறைக்கு அனுப்பினால் அது அங்கேயே தூங்கும்.

கூரைக்கு வருவோம், சிக்கல் அதில்தான். தேவை கல்வித்துறையுடையது. கட்டுவது பெரும்பாலும் பொதுப்பணி. பணம் பிரிப்பது நிதி. ஒரே கூரை ஏ.என்.சி. கையிலிருந்து டி.ஏ. கைக்குப் போய்த் திரும்புகிறது. இரண்டு பக்கமும் "அவர்களிடம் இருக்கிறது" என்பார்கள். பொதுப்பணி அமைச்சருக்கு நேரே எழுதுவது வீண், கல்வித்துறை வேலை கேட்டு அனுப்பாமல் அவர்களால் ஒரு தகடுகூட மாற்ற முடியாது.

முதலில் பள்ளியின் ஆளுகைக்குழு (பள்ளியை நிர்வகிக்கும் குழு) தீர்மானம், தேதி போட்ட படங்கள், எந்த வகுப்பறை எத்தனை என்ற கணக்கு. அதைப் பள்ளி முதல்வர் கையெழுத்தோடு கல்வி மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். சாட்ஸ்வர்த்துக்கு உம்லாசி மாவட்டம். பிறகுதான் கல்வித்துறைத் தலைவருக்கு, அமைச்சருக்கு நகல். செலவுக்குச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் துறைத்தலைவர், அமைச்சர் அல்ல. நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கும். பிப்ரவரியில் கொண்டுபோனால் அந்த வருடப் பணம் முடிந்திருக்கும், அடுத்ததும் பங்கிட்டு முடிந்திருக்கும். ஒரு மாதம் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாள் கெடு.

டோங்காட்_ஆசிரியை:
மேலே சொன்னதோடு இரண்டு சேர்க்க வேண்டும். பள்ளி, பள்ளிகள் சட்டத்தின் 21ஆம் பிரிவுப் பள்ளியா என்று கேளுங்கள். பராமரிப்புப் பொறுப்பை அந்தப் பிரிவில் ஆளுகைக்குழு ஏற்றிருந்தால், சின்ன ஒழுக்கு அந்தப் பணத்தில்தான் என்று திருப்பிவிடுவார்கள். புயலில் கூரை பறந்தால் அது வேறு, அவசரப் பணியாகக் கேட்கலாம்.

அடுத்தது, நிலம். பழைய இந்திய உதவிபெறும் பள்ளிகளில் சில இன்னும் டிரஸ்ட் நிலத்தில் நிற்கின்றன. அதே சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி கல்வி அமைச்சருக்கும் நிலத்துக்காரருக்கும் ஒப்பந்தம் இருக்க வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் மனு போட்டால் முதல் மேசையிலேயே நிற்கும். எந்தக் கட்சி அமைச்சராக இருந்தாலும் இதே கதைதான்.

தமிழ் வாத்தியார்: பாடத்திட்டம் நாட்டரசு, பணியிடம் மாகாணக் கல்வித்துறை. எத்தனை பிள்ளைகள் தமிழை எடுத்திருக்கிறார்கள் என்ற வகுப்புவாரிக் கணக்கில்லாமல் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கோயிலில் நடக்கும் வகுப்பு இதில் சேராது. அதற்குக் கலை-பண்பாட்டுத் துறை, சங்கம் பதிவாகியிருக்க வேண்டும்.

ஃபீனிக்ஸ்_ஓட்டுக்கணக்கு:
கவிழ்வது பற்றி. 2024 தேர்தலில் மாகாணச் சபையின் மொத்தம் 80 இடம்: எம்.கே. (ம்கோன்டோ வெசிஸ்வே கட்சி) 37, ஐ.எஃப்.பி. 15, ஏ.என்.சி. 14, டி.ஏ. 11, இ.எஃப்.எஃப். (பொருளாதார விடுதலைப் போராளிகள்) 2, என்.எஃப்.பி. 1. அரசு பக்கம் 41, எதிரே 39.

நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு அரசியல் சட்டம் 141ஆம் பிரிவில் வந்திருப்பவர்களில் பாதி போதாது, மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை வேண்டும், அதாவது 41. என்.எஃப்.பி. எதிரே போனாலும் 40தான், பிரீமியர் விழ மாட்டார். 2025 டிசம்பரில் கொண்டுவந்த தீர்மானமும் தோற்றது.

ஆனால் பயப்பட வேண்டியது வேறு இடத்தில். மசோதா, பட்ஜெட்டுக்குப் பதிவான ஓட்டில் பெரும்பான்மை போதும். நாற்காலியில் இருக்கும் சபாநாயகருக்குச் சாதாரண ஓட்டு கிடையாது, சமமாக வந்தால் மட்டும் தீர்க்கும் ஓட்டு. சபாநாயகர் ஏ.என்.சி. ஆகவே அந்தத் தேர்தல் கணக்கில் சபையில் 40க்கு 39. என்.எஃப்.பி.யின் அந்த ஒருவர் மாறினால் 39க்கு 40. அரசு கவிழாது, பட்ஜெட் தோற்கும். கூரைக்காரர்களைத் தொடுவது இதுதான்.

அந்த உறுப்பினரைக் கட்சி நீக்கினால் அவருக்கு இருக்கையும் போகும், அமைச்சர் பதவியும் போகும், ஏனென்றால் அமைச்சர் உறுப்பினராக இருந்தாக வேண்டும். கட்சி தன் பட்டியலிலிருந்து வேறொருவரைக் கொண்டுவரும்.

சாட்ஸ்வர்த்_கமிட்டி:
நன்றி ஐயா, நன்றி அம்மா. அப்போ பென்ஷன் மனு சமூக வளர்ச்சி அமைச்சருக்குத்தானே?

மாரிட்ஸ்பர்க்_கோப்பு:
இல்லை! எல்லாரும் அங்கேதான் தவறுகிறார்கள். முதியோர் பென்ஷன் சாஸா (தென்னாப்பிரிக்கச் சமூகப் பாதுகாப்பு முகமை) தருவது, அது நாட்டரசு. மாகாண அமைச்சரிடம் இருப்பது சமூகப் பணியாளர்கள், முதியோர் இல்லத்துக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் உதவி. பாட்டியின் அடையாள அட்டையோடு சாஸா அலுவலகம் போங்கள்.

காவடித் தெருவுக்கு அமைச்சரே வேண்டாம், டர்பன் நகரை ஆளும் எதெக்வினி முனிசிபாலிட்டியிடம் கேட்டால் போதும். ஒன்று மட்டும்: தெரு பி, டி, எல் என்ற எழுத்தோடு எண் உள்ள மாகாணச் சாலையா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் போக்குவரத்துத் துறையையும் கேட்க வேண்டும்.