காய்கறி மண்டியிலிருந்து வந்த ஓவியர்: ஜகுச்சூவைப் பார்த்த அனுபவம்

ஜப்பானிய ஓவியம் என்றதும் பெரும்பாலும் மர அச்சு ஓவியர்களான ஹொகுசாய், ஹிரோஷிகே பற்றித்தான் பேசுகிறார்கள். நான் இத்தோ ஜகுச்சூவைப் பற்றிச் சொல்கிறேன். 1716-ல் கியோட்டோவின் நிஷிக்கி சந்தையில் காய்கறி மொத்த வியாபாரியின் மூத்த மகனாகப் பிறந்தவர். அப்பா இறந்ததும் 23 வயதில் கடைப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. நாற்பது வயதில் அதைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, முழுநேரமும் வரைய உட்கார்ந்துவிட்டார். கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

2016-ல், அவர் பிறந்த 300-வது ஆண்டை ஒட்டி, டோக்கியோ உவேனோவில் கண்காட்சி வைத்தார்கள். வேலை காரணமாக நான் அப்போது யோகோஹாமாவில் இருந்தேன். 31 நாளில் சுமார் 4 லட்சத்து 46 ஆயிரம் பேர் வந்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் வரிசை நின்ற நாளும் உண்டு. காலையில் போன நான் உள்ளே நுழையும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. முன்னால் நின்ற பாட்டி ஒருவர் குடையை என் பக்கமும் சாய்த்துப் பிடித்துக்கொண்டே வந்தார்.

உள்ளே நடுவில் புத்தரும் இரு போதிசத்துவர்களும், சுற்றிலும் பறவை, மீன், பூ, பூச்சி என்று 30 பட்டுச் சுருள்கள். யாரும் கேட்காமல், கூலி வாங்காமல், ஏறக்குறைய பத்து வருஷம் வரைந்து, குடும்பத்தாரின் நற்கதிக்காக ஷோகொகுஜி கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தவை. 1889-ல் கோயில் அந்த 30 சுருள்களை அரச குடும்பத்துக்கு அளித்தது. பதிலுக்குக் கிடைத்த 10,000 யென்னால்தான் கோயில் நிலம் கைவிட்டுப் போகாமல் தப்பியது.

கூட்டம் சேவல் படங்களுக்கு முன்னால் மொய்த்தது. முற்றத்தில் சேவல்களை வளர்த்து, வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து வரைந்தவராயிற்றே. நான் நகரமுடியாமல் நின்றது குளக்கரைப் பூச்சிகள் படத்தின் முன்னால். மேலே சுரைக்கொடி, கீழே தவளைக் கூட்டமும் தலைப்பிரட்டைகளும், கொடியில் ஒரு பாம்பு. என்னை இழுத்தது அந்த இலைகள்தான். புழு அரித்த ஓட்டை, ஓரம் பழுத்த மஞ்சள், காய்ந்து சுருங்கிய நுனி, ஒன்றுகூட விடவில்லை. பூச்சி விழுந்த இலையை வியாபாரி கிள்ளி எறிவார். இவர் அதையே உட்கார்ந்து வரைந்திருக்கிறார்.

இன்னொரு சுருளில் வெள்ளைப் பீனிக்ஸ் பறவை. இறகு பொன்னாக மின்னும். ஆனால் ஆய்வு செய்தபோது அதில் தங்கமே இல்லை. பட்டின் பின்பக்கம் மஞ்சள் காவியைப் பூசி, முன்பக்கம் சிப்பி ஓட்டுப் பொடி வெள்ளையில் மெல்லிய கோடுகள் இழுத்திருக்கிறார். இழைகளுக்கு இடையே கசியும் மஞ்சள்தான் நமக்குப் பொன்னாகத் தெரிகிறது. இது தெரிந்த பிறகு அந்தப் பறவைமேல் எனக்கு மதிப்பு இன்னும் கூடிவிட்டது.

அப்புறம் கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தில் அவருடைய காய்கறி நிர்வாணத்தைப் பார்த்தேன். சால மரங்களுக்கு நடுவே புத்தர் உயிர்விட, எல்லா உயிர்களும் சூழ்ந்து அழும் நிர்வாணக் காட்சியைக் காய்கறிகளை வைத்து வரைந்த படம். வெறும் மை ஓவியம். கவிழ்த்த கூடைமேல் இரண்டாகக் கிளைத்த முள்ளங்கி புத்தராகப் படுத்திருக்கிறது. சால மரங்களின் இடத்தில் மக்காச்சோளத் தட்டைகள். சுற்றிலும் பூசணி, கத்தரி எல்லாம் துக்கம் கேட்க வந்ததுபோல் கூடியிருக்கின்றன. இதை வேடிக்கைப் படம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மண்டியில் பிறந்தவருக்கு எல்லா உயிரும் என்றால் முதலில் கண்முன் வருவது காய்கறிதானே.

உலகத்தை விட்டு ஒதுங்கியவர் என்று இவரைச் சொல்வதும் சரியில்லை. 1771-ல் போட்டிச் சந்தைக்காரர்களால் நிஷிக்கிக்கு மூடும் ஆபத்து வந்தபோது, ஊர்ப் பெரியவராக முன்நின்று மூன்று வருஷம் அலைந்து சந்தையைக் காப்பாற்றினார். 1788 பெருந்தீயில் வீடு போயிற்று. கடைசிக் காலத்தில் கியோட்டோவின் தெற்கே ஃபுஷிமியில் செகிஹோஜி கோயில் பக்கம் குடியிருந்து, ஒரு படத்துக்கு இவ்வளவு அரிசி என்று வாங்கிக்கொண்டு, 500 அருகர்களின் (ஞானம் பெற்ற புத்தச் சீடர்களின்) கற்சிலைகளுக்கு மாதிரி வரைந்து கொடுத்தார். 1800-ல் காலமானார்.

கியோட்டோ போகிறவர்களுக்கு ஒன்று: நிஷிக்கி சந்தைக்குப் பகலில் ஒருமுறையும் கடை மூடும் நேரத்தில் ஒருமுறையும் போங்கள். அவர் ஓவியங்களைப் பல கடைகளின் ஷட்டரில் தீட்டியிருக்கிறார்கள், ஷட்டரை இறக்கிய பிறகுதான் அவற்றைப் பார்க்க முடியும். செகிஹோஜிக்கும் போவதாக இருந்தால் மூங்கில் தோப்பில் மேடு ஏற வேண்டும், நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்.