நொட்டாங்கைக்காரனுக்கு எந்தத் துப்பாக்கி?

எங்கள் குடும்பக் குழுவின் பெயர் 'அஸ்தம்பட்டி வீடு'. காலை வணக்கப் பூக்களும் கல்யாண மண்டப வாடகையும்தான் அதில் வழக்கமாக ஓடும். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் துப்பாக்கி ஓடியது. எல்லோரையும் கேட்டுக்கொண்டு, பெயர்களை எடுத்துவிட்டு, பாதி 'ம்'களை வெட்டிவிட்டு இங்கே போடுகிறேன். தம்பி இருப்பது அமெரிக்காவில், ஒஹையோ மாநிலம் கொலம்பஸ். சித்தப்பாவுக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டம். மாமாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. பாப்பா சித்தப்பாவின் மகள், கல்லூரியில் என்.சி.சி.

காலை 8:04

தம்பி: எல்லோருக்கும் வணக்கம். கிரீன் கார்டு வந்துவிட்டதல்லவா, இங்கே ஒரு ரைஃபிள் வாங்கலாம் என்று இருக்கிறேன். லீவர் ஆக்‌ஷன். சித்தப்பா, எந்தக் கேலிபர், அதாவது எந்தக் குழல் அளவு, எடுக்கலாம்?

அம்மா: என்னது

அம்மா: அங்கே யாருக்குப் பயந்து

தம்பி: பயமெல்லாம் இல்லை அம்மா. குறி பார்த்துப் பழகத்தான். என்னோடு வேலை செய்பவருக்கு ஊருக்கு வெளியே பண்ணை இருக்கிறது. நவம்பர் கடைசி, டிசம்பரில் மான் வேட்டை வாரம் வரும். கூப்பிடுகிறார்.

மாமா: மானைத் தொட்டால் இங்கே ஜெயில், மாப்பிள்ளை.

சித்தப்பா: இங்கே 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. அங்கே கணக்கு வேறு, மச்சான். மான் பெருகி மக்காச்சோளத்தை மேய்கிறது, ரோட்டில் காரில் வந்து விழுகிறது. அரசாங்கமே சீட்டுக் கொடுத்து இத்தனை சுடு என்கிறது. நம் ஊரில் காட்டெருமை வந்து என் மிளகுக் கொடியைச் சாய்த்துவிட்டுப் போனாலும் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சரி, அதை விடு.

அம்மா: லைசென்ஸ் கொடுத்துவிட்டார்களா?

தம்பி: ரைஃபிள் வாங்க இந்த மாநிலத்தில் லைசென்ஸ் கிடையாது அம்மா. கடையில் 4473 என்று ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கிருந்தே நம் மேல் வழக்கு ஏதும் உண்டா என்று விசாரிப்பார்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். எச்-1பி விசாவில் இருந்தபோதுதான் முடியாது. வேட்டை உரிமம் மாதிரி ஏதாவது விலக்கு இருந்தால் மட்டும் தருவார்கள்.

சித்தப்பா: நிமிடமா! தாத்தாவின் பன்னிரண்டு போர் துப்பாக்கியை என் பெயருக்கு மாற்ற நான் எத்தனை மேஜை ஏறி இறங்கினேன் தெரியுமா? இன்றைக்கும் தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வருகிறேன்.

(அந்தத் துப்பாக்கியை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். இரட்டைக் குழல். எண்ணெய் தடவிய பழைய வேட்டியில் சுற்றி இருக்கும். ஏற்காட்டுப் பனிமூட்டம் இரும்பைச் சும்மா விடாது. இடது குழலில் கடுகு அளவுக்கு நான்கைந்து துருக் குழிகள். வெள்ளிக்கிழமை துடைக்க மறந்தால் தாத்தா சாப்பிட மாட்டாராம்.)

சித்தப்பா: முதலில் இதைச் சொல். ஏன் லீவர்? கௌபாய் படம் பார்த்துவிட்டா?

தம்பி: அதுவும் உண்டு. ஆனால் நான் நொட்டாங்கை சித்தப்பா.

அம்மா: பாட்டி கரண்டிக் காம்பால் தட்டித் தட்டிப் பார்த்தார். மாறவில்லை.

சித்தப்பா: அப்படியென்றால் சரியான காரணம். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு .315 இருக்கிறது, நம் அரசுத் தொழிற்சாலைத் துப்பாக்கி. தோட்டா ஏற்ற இழுக்கிற கைப்பிடி, போல்ட், வலப்பக்கம். இடது தோளில் வைத்துச் சுடுகிறவன் ஒவ்வொரு தடவையும் கையைத் துப்பாக்கிக்கு மேல் வளைத்து இழுக்க வேண்டும். லீவர் என்றால் விசைக்குக் கீழேயே வளையமாக இருக்கும். கீழே தள்ளினால் வெற்றுக் கூடு வெளியே தெறிக்கும், மேலே இழுத்தால் புதுத் தோட்டா ஏறும். எந்தக் கை என்று அது கேட்காது.

பாப்பா: ஆனால் படுத்துச் சுட முடியாதே அப்பா. லீவர் தரையில் இடிக்குமே.

சித்தப்பா: இடிக்கும். நின்றோ, உட்கார்ந்தோ, மரத்தில் சாய்ந்தோ சுட வேண்டியதுதான். மான் வேட்டைக்கு அதுவே போதும்.

தம்பி: கடைக்காரர் .30-30 எடு என்கிறார். வின்செஸ்டர் 94, மார்லின் 336 இரண்டையும் காட்டினார்.

சித்தப்பா: யாரும் அதைத்தான் சொல்வார்கள். பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 மாடல் எழுபது லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அடுத்த வருஷம் அதற்கு வந்த தோட்டாதான் .30-30. முதல் முப்பது குழலின் விட்டம், அங்குலத்தில் நூறில் முப்பது. அடுத்த முப்பது, அன்றைக்கு உள்ளே போட்ட புகையில்லா வெடிமருந்தின் எடை, கிரெயின் கணக்கில்.

மாமா: கிரெயின் என்றால் கிராமில் எவ்வளவு?

சித்தப்பா: 0.0648.

மாமா: இருங்கள், தராசுக்காரனிடம் வந்துவிட்டீர்கள். குண்டு எத்தனை கிரெயின்?

தம்பி: .30-30-க்கு 150, 170. இன்னொரு கடையில் .45-70 காட்டினார்கள், அதற்கு 405. .22-க்கு 40.

மாமா: 150 என்றால் 9.7 கிராம். ஒரு பவுன், அதற்கு மேல் ஒன்றே முக்கால் கிராம். 405 என்றால் 26 கிராம். மூன்றே கால் பவுன்! .22 ஒரு பவுனில் மூன்றில் ஒரு பங்கு. மானுக்கு மூன்றே கால் பவுன் எதற்கு மாப்பிள்ளை? இங்கே கல்யாணத்துக்கே அவ்வளவு போட முடியவில்லை.

சித்தப்பா: மச்சான் சொல்வது விளையாட்டில்லை. அது 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த தோட்டா. கனமான மருந்து போட்டால் தோளை உடைக்கிற மாதிரி உதைக்கும். முதல் துப்பாக்கி உதைத்தால் ஆள் கண்ணை மூடிக்கொண்டு சுடப் பழகிவிடுவான். பிறகு அது போகவே போகாது.

பாப்பா: உண்மை. எங்கள் கேம்ப்பில் .22-தான். அதற்கே சிலர் கண்ணை மூடினார்கள்.

காலை 9:20

தம்பி: ஒரு சிக்கல். பண்ணை நண்பரிடம் பேசினேன். ஒஹையோவில் மானுக்கு .30-30 செல்லாதாம்!

சித்தப்பா: அதெப்படி? ஒரு நூற்றாண்டாக மானுக்கு என்றே இருக்கிற தோட்டா அது.

தம்பி: தோட்டாவின் கூடு நேராக இருக்க வேண்டுமாம். விட்டம் .357-இலிருந்து .50-க்குள். அப்புறம் குழலிலும், தோட்டா அடுக்கி வைக்கிற மேகசினிலும் சேர்த்து மூன்று தோட்டாவுக்கு மேல் போடக்கூடாது.

நான்: கூடு நேராக என்றால்?

சித்தப்பா: பித்தளை டம்ளர் மாதிரி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம். .30-30 சோடா பாட்டில் மாதிரி, கழுத்தில் சுருங்கும். அடி பெரிது, மருந்து அதிகம், வாய் சிறிது. அதனால் குண்டு வேகமாக, தூரமாகப் போகும். அவர்கள் ஊர் தட்டைப் பூமி, நடுநடுவே வீடு. தூரம் போகிற குண்டு வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். முன்பு அங்கே மானுக்கு ஷாட்கன்தானே. சரி, நான் சொன்ன .30-30 வாபஸ்.

(சித்தப்பா எதையாவது வாபஸ் வாங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.)

தம்பி: அப்படியானால் .357 மேக்னம், .44 மேக்னம், .45-70. புதிதாக .360 பக்ஹாம்மர் என்று 2023-இல் வந்திருக்கிறது, நேர்க்கூடு மாநிலங்களுக்கென்றே செய்தது.

சித்தப்பா: புதிது நல்லதாகவே இருக்கலாம். ஆனால் எல்லாக் கடையிலும் தோட்டா கிடைக்குமா என்று பார். தோட்டா கிடைக்காத துப்பாக்கி ஊன்றுகோல்தான்.

மாமா: .44 எத்தனை கிரெயின்?

தம்பி: 240. .357-க்கு 158.

மாமா: .44 ஏறக்குறைய இரண்டு பவுன். .357 ஒன்றே கால் பவுன், சொச்சம்.

தம்பி: நண்பர் .44 என்கிறார். எனக்கு .357 மேல் மனசு. அதே துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் தோட்டாவும் போடலாம். உதை ரொம்பக் குறைவு, ஒரு தோட்டா அரை டாலர் அளவில். .45-70 இரண்டு டாலருக்கு மேல் போகிறது.

சித்தப்பா: .357 கைத்துப்பாக்கிக்குப் பிறந்த தோட்டா, 1930-களில். ஆனால் நீளக் குழலில் மருந்து முழுக்க எரிந்து தள்ளும். கைத்துப்பாக்கியில் நொடிக்கு 380 மீட்டர் போகிற குண்டு, ரைஃபிளில் 550-ஐத் தொடும். மானுக்குப் போதும், நூறு கஜத்துக்குள். நூற்று இருபதில் மான் நின்றால் பார்த்துவிட்டு வீட்டுக்கு வா. அந்தக் கட்டுப்பாடு இருக்கிறதா உனக்கு? இல்லையென்றால் .44 வாங்கு. அதுவும் கொஞ்சம்தான் கூடுதல் தூரம் தரும்.

தம்பி: பண்ணையில் மரம்தான் சித்தப்பா. அறுபது கஜத்துக்கு மேல் கண்ணுக்கே தெரியாது.

சித்தப்பா: அப்போது .357. முடிந்தது பேச்சு.

பாப்பா: அண்ணா, கூர்மையான குண்டு வாங்கிவிடாதீர்கள். லீவரில் தோட்டா வரிசையாகக் குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருக்கிற தோட்டாவின் மூக்கு, முன்னால் இருக்கிறதன் அடியில், தட்டினால் வெடிக்கிற கேப்பில் உரசிக்கொண்டு நிற்கும்.

அம்மா: எனக்குப் புரியவில்லை

பாப்பா: தீபாவளிக்குப் பொட்டு வெடியை ஆணியால் குத்துவோமே பெரியம்மா, அது மாதிரி. மூக்குத் தட்டையாக இருந்தால் குத்தாது. அல்லது நுனியில் மெத்தென்று பாலிமர் வைத்த தோட்டா வாங்க வேண்டும்.

அம்மா: என் பேத்தி இருக்கிற வீட்டில் பொட்டு வெடியா

(ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. குழந்தைக்கு நான்கு வயது.)

காலை 10:41

சித்தப்பா: அண்ணி கேட்டது சரியான கேள்வி. நான் ஒன்று சொல்கிறேன், பாப்பாவுக்கே இது தெரியாது. எனக்கு இருபத்திரண்டு வயது. தாத்தா துப்பாக்கியில், தட்டி வெடிக்க வைக்கிற சுத்தியல், அதாவது குதிரை, வெளியே இருக்கும், லீவர் ரைஃபிளிலும் பெரும்பாலும் அப்படித்தான். மழை நேரம், கை ஈரம். ஏற்றிய குதிரையைக் கட்டை விரலால் மெதுவாக இறக்கும்போது வழுக்கியது. வெடித்தது. குழல் தரையைப் பார்த்து இருந்ததால் காப்பிக் களத்தில் ஒரு பள்ளத்தோடு போயிற்று. காதில் மூன்று நாள் ரீங்காரம். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, வெறும் துப்பாக்கியில் நூறு தடவை குதிரையை இறக்க வைத்தார், எண்ணிக்கொண்டே.

சித்தப்பா: நீயும் அதைச் செய். காலித் துப்பாக்கியில், குழல் பத்திரமான பக்கம் பார்க்க. தோட்டாவை வெளியே எடுக்க லீவரை ஆட்டி ஆட்டி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தால், விரல் விசைப் பக்கமே போகக்கூடாது. சில மாடலில் முன்பக்கக் குழாயை உருவித் தோட்டாவைக் கொட்டிவிடலாம். ஹென்றி கம்பெனித் துப்பாக்கிகளில் பார்த்துக் கேள்.

பாப்பா: அண்ணா, முதலில் யாருடைய .22 லீவரையாவது வாங்கி ரேஞ்சில் ஐந்நூறு தோட்டா சுடுங்கள். ஒரு தோட்டா பத்து சென்ட் அளவில்தானே. கன்னம் துப்பாக்கிக் கட்டையில் ஒரே இடத்தில் படிகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

தம்பி: சரி பாப்பா. வேட்டைக்கு முன் வகுப்பும் கட்டாயம், பதிந்துவிட்டேன்.

அம்மா: நான் வேண்டாம் என்று சொன்னால் கேட்கப் போவதில்லை. அதனால் ஒன்று. துப்பாக்கி வாங்குவதற்கு முன் பெட்டி வாங்கு. தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, தனிச் சாவி. துப்பாக்கிப் படம் எனக்கு அனுப்பாதே. பூட்டிய பெட்டியின் படம் அனுப்பு.

மாமா: அக்கா தீர்ப்பு சொல்லிவிட்டார்.

(அடுத்த வெள்ளிக்கிழமை)

இரவு 7:15

தம்பி: 📷 படம்

தம்பி: பெட்டி வந்துவிட்டது அம்மா. சுவரில் போல்ட் அடித்து மாட்டிவிட்டேன். துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை. .357-தான் என்று முடிவு.

அம்மா: நல்லது கண்ணு. சாப்பிட்டாயா?

மாமா: பெட்டி என்ன எடை?

பாப்பா: அண்ணா, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாவி பூட்டிலேயே தொங்குகிறது.

தம்பி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது